கோடையில் வைத்த எலிப்பாசாணம்

மாரியில் வயலுக்குள் வெள்ளம் ஏறினால் எலிகள் எங்கள் வீட்டு நெல்மூட்டைகளுக்கு வந்துவிடும். எலிக்காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயத்தில் கருவாட்டில் எலிப்பாசாணம் தடவி வைப்பேன். தின்றவை வெளியே போய்ச் செத்துவிடும். நாற்றம்கூட வராது. அந்தத் துணிவில் கோடையிலும் அதையே செய்தேன்.

கிணறு வற்றியிருந்ததால், குடிக்கிற தண்ணீரைக் குசினியில் அடுப்போரமாக, மூடி உடைந்த பிளாஸ்டிக் பரலொன்றில் நிரப்பி வைத்திருந்தோம். ஒரு மத்தியானம் அடித்தண்ணீரை அள்ளியபோது கோப்பைக்குள் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. ஊதிப்போன எலி. மயிர் கழன்று தண்ணீரெங்கும் மிதந்தது. காலையில் நானும் என் சின்ன மகளும் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

ஓங்காளித்துக்கொண்டே பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவைக் கூப்பிட்டேன். அவா வந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினா.

"மாரியில எங்க பாத்தாலும் தண்ணி. இப்ப நஞ்சு திண்ட எலி விடாய்க்கு எங்க போறது? உன்ர பரலுக்குள்ளதானே!"

"பிள்ளை செத்துப்போகுமோ அக்கா?"

"விசர்க்கதை கதையாதை. அவளைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில ஏறு."

ஆஸ்பத்திரியில் மகளை ஓரிரவு வார்டில் மறித்து வைத்துப் பார்த்தார்கள். எனக்கும் அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. "நான் எலித்தண்ணி குடிச்சனான்" என்று பக்கத்துக் கட்டில் பிள்ளையிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

இப்போது கோடை தொடங்கினால் பொறிதான் வைக்கிறேன். பரலும் புதிது. ஆனாலும் தண்ணீர் விழுங்கும்போதெல்லாம் அந்த மெத்தென்ற ஒன்று என் தொண்டையில் வந்து நிற்கிறது.