மச்சான் உட்கார்ந்து பார்த்த படம்

என் அக்கா அம்மாக்கண்ணு தியேட்டர் ஆப்பரேட்டருக்கு வாழ்க்கைப்பட்டவள். டிக்கட் இல்லாமல் எல்லாப் படமும் பார்க்கலாமே என்று தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். பார்த்தாள்தான். இருபது வருஷம் தனியாகப் பார்த்தாள். மற்றவர்கள் புருஷனோடு உட்கார்ந்திருக்க, இவள் புருஷன் பின்சுவருக்கு அந்தப்பக்கம் புழுங்கிக்கொண்டிருந்தார்.

மச்சான் செல்லசாமியின் வேலை அப்படி. அந்தக் காலத்து மெஷினில் பல்ப் கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளை எதிரெதிரே வைத்து மின்சாரம் கொடுத்தால், நடுவில் நெருப்புப் பிடித்துக் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் வரும். குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும், வெளிச்சம் மங்கும், கேலரியில் விசில் பறக்கும். அதனால் சில நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து, பிடியைத் திருகி, குச்சிகளைக் கிட்டே கொண்டுவர வேண்டும். அத்தனை படம் ஓட்டிய மனுஷன் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. படம் எப்படி என்று கேட்டால், "வெளிச்சம் நல்லா இருந்துச்சு" என்பார். இதுவும் ஒரு பதிலா?

தியேட்டரை மூடிப் பல வருஷமாகிறது. இப்போது அங்கே கட்டில், மேசை விற்கிற தளபாடக் கடை. ஆனால் மச்சானின் கால் மட்டும் ஓயவில்லை. டீவி பார்த்தாலும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்பார். கோயிலில் விளக்கு கொஞ்சம் மங்கினால் பூசாரிக்கு முன்னால் இவர் கை நீளும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அக்காவின் கண்ணைப் பார்த்தார்கள். சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி, இடது கண்ணைத் தின்றுவிட்டது, வலது கண்ணும் அதிக நாள் தாங்காது என்றார்கள். வெளியே வந்த அக்கா அழவில்லை.

"என்னங்க, ஒரேயொரு படம். என் பக்கத்துல உக்காந்து முழுசா பாக்கணும். எந்திரிக்கக் கூடாது. கண்ணு இருக்கும்போதே பாத்துடணுங்க."

கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

வட்டகொடையில் காலை ரயிலேறி மூன்று பேரும் கண்டிக்குப் போனோம். பகல் காட்சி. படம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, திரையில் பொழுது சாய்ந்தது. மச்சான் விருட்டென்று எழுந்து செருப்பைத் தேடினார்.

"கார்பன் தேஞ்சிருச்சு புள்ள. எவன் உள்ள இருக்கான்?"

"இப்ப கார்பனும் இல்ல, ஒன்னும் இல்ல. உக்காருங்க மச்சான், மானம் போகுது" என்றேன்.

அக்கா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். இடைவேளைக்குள் இன்னும் இரண்டு முறை எழுந்தார். ஒவ்வொரு முறையும் அவள் முகம் வாடியது. இந்த மனுஷனை இழுத்து வந்ததே தப்பு என்று மனதுக்குள் திட்டினேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கல்யாணக் காட்சி வந்தது. திரை முழுக்கச் சரவிளக்குகள். எனக்குக் கண் கூசியது. அக்கா மச்சானின் கையைத் தட்டினாள்.

"என்னங்க, வெளிச்சம் ரொம்பக் கொறைஞ்சிருச்சே. எந்திரிச்சுப் பாக்கலையா?"

நான் திரையைப் பார்த்தேன். மச்சானும் பார்த்தார்.

மச்சான் எழவில்லை. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமா புள்ள, கார்பன் தேஞ்சிருச்சு. உள்ள ஆளு இருக்கு, அவன் பாத்துக்குவான்."

பிறகு அவள் காதருகே குனிந்தார். "பொண்ணு பச்சப் பட்டு கட்டியிருக்கு. மாப்பிள்ள இப்பத்தான் வாசலுக்கு வர்றான்..."

கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். படம் முடிந்து சனமெல்லாம் வெளியே போன பிறகும் அவர் எழவில்லை.