காது மெஷினைக் கழற்ற மறந்த காலை

காலை ஏழு பத்து. மகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மாடிவீட்டுக் காவலாளி கதவைத் தட்டினார்.

"மிஸ், ஐயா வந்திட்டாரா? ரெயில் பாதையில ஒரு வயசான ஆள் அடிபட்டிட்டாராம்."

அப்பா வந்திருக்கவில்லை.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. சீனி வியாதி. நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதிலிருந்து, மாதா கோயிலில் விடியப் பூசை முடிந்ததும் வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய்த் தண்டவாளத்தோடு நடப்பார். அங்கே பலர் அப்படித்தான் நடக்கிறார்கள். ஆனால் அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. கடற்காற்று மெஷினுக்குள் இரைகிறது என்று, கோயில் வாசலிலேயே அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவார்.

"பைக்குள்ள கிடந்து அது என்னத்தைக் கேக்கப் போகுது அப்பா?" என்று நான் சண்டை பிடிப்பேன்.

"கடல் கத்துறதும் நீ கத்துறதும் ஒண்டுதான் பிள்ளை. கழட்டினாத்தான் நிம்மதி."

மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன். ரோட்டைக் கடக்கும்போது செபித்தேன். "ஆண்டவரே, அது அப்பாவாக இருக்கக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் சரி." உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அப்படித்தான் கேட்டேன்.

தண்டவாளத்தருகே கூட்டம். ஒருவரை முகம்வரை ஒரு சாரத் துணியால் மூடியிருந்தார்கள். கற்களுக்கு நடுவே அழுத்தினால் ஒட்டும் பட்டி வைத்த பிரவுண் செருப்பு ஒன்று கிடந்தது. அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்ததும் அதே செருப்புத்தான். "மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர வேறு செபம் வரவில்லை.

"பிள்ளை."

சாரத்துக்கு மற்றப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் அப்பா இருந்தார். இரண்டு காலிலும் செருப்பு. காதில் மெஷின்.

அவரைக் கட்டிப் பிடித்து அழுதேன். பிரசங்கம் கேட்பதற்காகப் போட்ட மெஷினை அன்று கழற்ற மறந்திருக்கிறார். அதனால்தான் ரெயில் கோச்சியின் ஹோன் அவருக்குக் கேட்டிருக்கிறது. விலகிவிட்டார்.

"முன்னால போன இவரையும் கூப்பிட்டனான்," என்றார். "கத்திக் கத்திக் கூப்பிட்டனான். இவருக்கும் கேக்கேல்லைப் போல."

அன்பான சகோதரங்களே, ஆண்டவர் என் செபத்துக்குப் பதில் தந்தார். நான் வாய் திறக்கும் முன்பே, கோயில் வாசலில் ஒரு சின்ன மறதியாக அதைத் தந்துவிட்டார். இதை நான் நம்புகிறேன். நன்றி சொல்லாமல் ஒரு நாளும் படுப்பதில்லை. ஆனாலும் கோச்சிச் சத்தம் கேட்டால் இன்றும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அப்பாவைத் தேடுகிறேன். அந்தச் செருப்பு கனவில் வருகிறது. "வேறு யாராக இருந்தாலும் சரி" என்ற என் குரலும் வருகிறது. அதையும் ஆண்டவரிடமே கொண்டுபோய் வைக்கிறேன்.

இப்போது அப்பாவும் நானும் கோயில் வளவுக்குள் நடக்கிறோம். மெஷின் காதிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் தண்டவாளத்துப் பக்கம் விடாதீர்கள். கூட நடங்கள். பயம் பிடிக்கும்போது நல்ல வார்த்தை வரும்வரை காத்திருக்காமல் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். நான் கேட்டது நல்ல செபம் அல்ல. அதற்கும் அவர் காதை மூடவில்லை.

அன்று, "வீட்ட போவம் அப்பா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழும்பவில்லை.

"இவரைத் தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது? இவற்ற ஆக்கள் வரட்டும்."

பொலிஸ்காரர் வந்து இறந்தவரின் சட்டைப் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தார். அதோடு ஒரு காது மெஷினும் வந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு செபமாலையை எடுத்தார். இருவரும் அந்த மனிதருக்காகச் சொல்லத் தொடங்கினோம்.

முடிக்கவில்லை. கற்களின் மேலால் ஒரு பெண் ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் கோதுமை மா ஒட்டியிருந்தது. சாரத்தை விலக்கிப் பார்த்தாள். மெல்லத் திரும்ப மூடினாள். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா தனியவா கிடந்தவர்?"

"இல்லை மகள்," என்றார் அப்பா. "நாங்கள் பக்கத்திலயே இருந்தனாங்கள்."