வவ்வால் மீனின் வாயில் இருந்தது

கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடல்பூச்சியை ஆராய்ச்சி செய்யக் கிளம்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தொண்ணூறுகளின் கடைசி. அரியலூரில் ஒரு பள்ளியில் விலங்கியல் நடத்திக்கொண்டே எம்.ஃபில். படித்தேன். ஞாயிறுதோறும் பஸ் ஏறி பெரம்பலூர் சந்தைக்குப் போவேன். அங்கே நாகப்பட்டினத்து மீன் விற்ற ஒரு அக்காதான் எனக்குத் துணை. சில கறுப்பு வவ்வாலின் வாயைத் திறந்தால், நாக்கின்மேல் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருக்கும். ஏழு ஜோடிக் கால், ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி. கூட்டம் சேருவதற்கு முன்பே அக்கா அதைப் பிடுங்கி, எனக்காக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்.

பிடுங்கும்போது தலை சிதைந்துவிடும் என்பதுதான் என் குறை. பேரினத்தைக் காட்டிக்கொடுப்பதே அந்தத் தலைதான். அது உடலின் முதல் கண்டத்துக்குள் நன்றாகப் புதைந்து, முன்னாலுள்ள சின்ன உணர்கொம்புகளின் அடி விலகியிருந்தால் சைமோதோவா. அடி ஒட்டியிருந்தால் அதன் பங்காளி செரடோதோவா.

"ஒண்ணை மட்டும் எடுக்காம அப்படியே வைங்கக்கா, நானே எடுத்துக்கிறேன்" என்றேன்.

"கூட்டம் வர்றதுக்குள்ள வந்துடுங்க டீச்சர்."

பஸ் தாமதம். போனபோது நல்ல கூட்டம். காத்திருந்திருக்கலாம். எனக்குப் பொறுமை ஏது? அத்தனை பேர் நடுவில் மீனின் வாயைப் பிளந்து லென்ஸை வைத்தேன். கொம்படி விலகியிருந்தது. "சைமோதோவாதான்!" என்று கத்தியே விட்டேன்.

"என்னாங்க அது, மீன் வாயில புழுவா?" என்றார் மீன் வாங்க வந்த ஒரு அம்மாள்.

"புழு இல்லீங்க, ஒட்டுண்ணி. ரத்தம் குடிக்கும். வவ்வால்ல நெறைய இருக்கும்."

புழு என்று தப்பாகச் சொல்கிறாரே, திருத்த வேண்டும். எனக்கு அவ்வளவுதான் பட்டது. இறால், நண்டு வகையறாதான், சாப்பிடுகிறவர்களை ஒன்றும் செய்யாது என்ற ஒரு வரி வாயில் வரவில்லை. அந்த அம்மாள் வாங்கிய மீனைப் பலகையிலேயே போட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே மற்றவர்களும். அக்கா என்னைத் திட்டவில்லை. ஐஸை அள்ளி அள்ளி மீன்மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

கடலோர ஊராக இருந்தால் சிரித்துவிட்டு வாங்கிப் போயிருப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் கடல் மீன் என்றாலே செவுளைத் தூக்கி மூன்று முறை முகர்ந்து பார்ப்பவர்கள். அடுத்த வாரமே அவருக்குப் புழு மீன்காரி என்று பேர் விழுந்துவிட்டது. இரண்டு மாதத்தில் கடையை விட்டார். நான் வெட்கத்தில் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. என் ஆய்வேட்டை மட்டும் எல்லோரும் பாராட்டினார்கள்.

நாலைந்து வருடம் கழித்துக் குன்னத்தில், கூலிக்கு வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னாலதான்க்கா உங்க பொழப்பு போச்சு" என்று அழுதுவிட்டேன்.

"நீங்க உள்ளதத்தானே சொன்னீங்க" என்றார். "அந்தப் பூச்சி இருந்த மீனை ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வித்தேனேன்னுதான் டீச்சர் இன்னமும் மனசு ஆறல."

அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"