கை நனைக்காத இலை

வெங்கடேஸ்வரிக்குத் தன் வியாதியின் பெயர் தெரிந்தது நாற்பத்திரண்டு வயதில். அதற்கு முந்தைய பத்து வருஷமும் ராஜபாளையத்தில் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நாலு நாள் தூங்காமல் தெரு முழுக்கக் கோலம் போட்டால் திமிர். அடுத்த மாதமே பேண்டேஜ் துணி ஆலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் சோம்பேறி. கணவன் ஜெயபாண்டி கைநீட்டவும் செய்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு இருமுனைக் கோளாறுன்னு பேரும்மா" என்றார்.

"அப்ப நான் திமிரெடுத்தவ இல்லையா சார்?" என்று கேட்டு அழுதுவிட்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஜெயபாண்டியும் அழுதான். அதன்பிறகு அவன் கை ஓங்கவில்லை. மாத்திரையில் அவளுக்குத் தூக்கம் வந்தது, வேலைக்கு ஒழுங்காகப் போனாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெயர்தான் அவளைப் பிழைக்க வைத்தது.

ஆனால் குரலை உயர்த்தினாலும் சரி, கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாலும் சரி, வீட்டில் ஒரே கேள்விதான்: "மாத்திரை போட்டியா?" ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். மாத்திரை தின்பவள் சொல் அடுப்படியையே தாண்டவில்லை.

மகள் மாரீஸ்வரிக்குத் தேவதானத்தில் ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை தங்கப்பாண்டியன் போலீஸ்காரன். வியாதியைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று ஜெயபாண்டி சொல்லிவிட்டான். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பத்துப் பேர் போனார்கள். அங்கே சாப்பாட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. பிறகு பின்வாங்க முடியாது.

கை கழுவப் பின்கட்டுக்குப் போன வெங்கடேஸ்வரி அதைப் பார்த்தாள். காபி ஆறிப்போனதற்காகத் தங்கப்பாண்டியன் தன் அண்ணன் மனைவியின் கையை முறுக்கிச் சுவரோடு அழுத்திக்கொண்டிருந்தான். அந்தப் பெண் சத்தமே போடவில்லை. பழகியிருந்தாள்.

ஜெயபாண்டியை ஓரமாக அழைத்துச் சொன்னாள்.

"காலையில மாத்திரை போட்டியா?"

"போட்டேன். எங்கண்ணால பாத்தேங்க."

"முன்னையும் இப்படித்தான் கண்ணால பாத்தேன்னு என்னென்னமோ சொன்ன."

அவள் அண்ணன் பாண்டிச்செல்வமும், "செத்த நேரம் சும்மா இரு தாயி, நல்ல எடம்" என்றான்.

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையில் பார்த்தோமா, இல்லை இதுவும் அந்தக் கோளாறா? தன் கண்ணைத் தானே நம்ப முடியாத கேவலம் அவளைப் பிடுங்கித் தின்றது.

இலை போட்டார்கள். சோறு வைக்க வந்தவள் அதே அண்ணன் மனைவி. மணிக்கட்டில் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. ஜெயபாண்டி சோற்றில் கை வைக்கப் போனான்.

"செத்த இருங்க."

வெங்கடேஸ்வரி எழுந்து மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தாள். "மதினி, ஒண்ணை மறைச்சுட்டோம். எனக்கு மனசுல வியாதி இருக்கு. ரெண்டு வருசமா ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாத்திரை வாங்கித் திங்கேன். எங்கம்மாவுக்கும் இருந்துச்சு."

நீண்ட கைகளெல்லாம் பின்னுக்குப் போயின. "நல்லவேளை, கை நனைக்கல" என்றபடி அந்த அம்மாள் எழுந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் இது ராஜபாளையம் போய்விடும், இனி மாரீஸ்வரியைக் கேட்டு எவன் வருவான் என்று நினைக்க நினைக்க வெங்கடேஸ்வரிக்கு நெஞ்சு எரிந்தது. கை முறுக்கியதைச் சொன்னபோது கட்டிய புருஷன்கூட நம்பவில்லை. இதை மட்டும், ஒரு சாட்சிகூடக் கேட்காமல், அத்தனை பேரும் நம்பினார்கள்.