பயிற்சிக்கு எந்தச் சக்கரம்

நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கிற டிரையத்லான் போட்டி நெருங்கியபோது, எந்தச் சக்கரத்தைப் போடுவது என்று எனக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் இரண்டு ஜோடி இருந்தன. என்னுடையது அலுமினியம். எந்தக் குழியில் விழுந்தாலும் எழுந்துவிடும், வேகம் மட்டும் கேட்கக் கூடாது. தம்பியுடையது கார்பன், உயரமான ரிம். எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பக்கக் காற்று அடித்தால் முறத்தை நிமிர்த்திப் பிடித்த கதைதான். விவரம் தெரிந்த எவரைக் கேட்டாலும் ஒரே பதில்: பயிற்சிக்கு அலுமினியம், போட்டிக்குக் கார்பன்.

அந்தக் கார்பன் சக்கரத்தில் போய்த்தான் தம்பி செத்தான்.

போன வருஷம் வைகாசிக் கடைசி. குத்தாலத்துக்குப் பக்கத்தில் தார் ரோட்டில் பாதியை அடைத்துக் கோடை நெல் காயப்போட்டிருந்தார்கள். நெல்லை மிதிக்கக் கூடாதென்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. வெளியூர்க்காரனாக இருந்தால் நெல் மேலேயே ஏற்றிப் போயிருப்பான், பிழைத்தும் இருப்பான். இவன் கடைசி நொடியில் ஹேண்டில்பாரை ஒடித்தான். வயல்வெளியிலிருந்து வந்த மேல்காற்று முன்சக்கரத்தைத் தள்ளிவிட்டது. மதகுச் சுவரில் தலை மோதியது. சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதை நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது.

காற்றில்லாத ஒரு ஞாயிறு காலையில் அதை என் சைக்கிளில் மாட்டித் திருவையாறு வரை போய்வந்தேன். வண்டி பறந்தது. சந்தோஷமாக இருந்தது, அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. தஞ்சாவூரில் எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் மிதிப்பதை நிறுத்தினேன். பின்சக்கரம் சடசடவென்று சத்தம் போட்டது. அது அப்படித்தான். மிதிக்கும்வரை ஊமை, நிறுத்தினால் தெருவுக்கே கேட்கும். அவன்தான் பின்னால் வருகிறான் என்று திரும்பியே பார்த்துவிட்டேன்.

வாசலை எட்டுமுன் உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். "வந்துட்டியாடா? தோசை ஊத்தவா?"

தம்பியைத்தான் அப்படிக் கூப்பிடுவாள். உள்ளே போனேன். கரண்டியும் கையுமாக நின்றவளுக்கு, மகளான என்னைப் பார்த்த பிறகும் முகம் மாறவில்லை. நான்தான் என்று தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"இந்தச் சக்கரத்தைக் கழட்டி யாருக்காவது குடுத்துடறேம்மா."

"வேணாம்."

"போட்டிக்கு மட்டும் போட்டுக்கட்டுமா?"

"போட்டிக்கு உன்னுதைப் போட்டுக்க." மாவைக் கல்லில் ஊற்றித் தேய்த்தாள். "தினமும் பழகப் போறப்ப இதுல போ. காத்து கிளம்பறதுக்குள்ள வந்துடு. தெருமுனையில மிதிக்கறதை நிறுத்திடு."

என் உயிர் மட்டும் என்ன மலிவா என்று கேட்க வாய் வரை வந்தது. தோசையைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

உலகமெல்லாம் செய்வதற்கு நேர்மாறாகச் செய்தேன். போட்டியில் அலுமினியத்தில் உருட்டிக்கொண்டு போனேன். ஆளாளுக்கு என்னைத் தாண்டிப் போனார்கள். பயிற்சி இன்றும் கார்பனில்தான். தெருமுனையில் கால் தானாக நின்றுவிடுகிறது, அம்மாவும் "வந்துட்டியாடா?" என்றே கேட்கிறாள்.

ஒருநாள் வீம்புக்குப் பதில் சொல்லாமல் வாசலிலேயே நின்றேன். இன்னொரு முறை கேட்டாள். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

"வந்துட்டேம்மா" என்றேன்.