வந்த ஃபைலும் வந்து முடிந்த ஃபைலும்

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு பம்ப் கம்பெனி. கம்ப்யூட்டர் செக்‌ஷனில் நான் ஒருத்திதான். ஒரு நாள் காலை புரொடக்‌ஷன் மேனேஜர் ராகவன் சார் ஒரு மெமோவை டைப் அடிக்கச் சொன்னார். ப்ரோக்ராம்படி தானே துளையிடும் சி.என்.சி. மெஷினை ஓட்டும் முனியப்பா கவனக்குறைவால் ட்ரில்லை முறித்துவிட்டாராம். அவரை ஏன் சஸ்பெண்ட் செய்யக்கூடாது?

முனியப்பா கெலமங்கலத்துக்காரர். அதுவரை ஒரு மெமோகூட வாங்காதவர். விஷயம் தெரிந்து என் அறை வாசலிலேயே வந்து நின்றார்.

"மேடம், ட்ரில்லு முழுசா மேல ஏறல. அது தெரியாம, ப்ரோக்ராம் முடிஞ்சிடுச்சுன்னு டேபிளை நகத்துனேன், பீஸைப் புடிச்சிருக்கிற கிளாம்புல மோதிடுச்சு. நான் என்னாங்க பண்ணட்டும்?"

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். மேனேஜர் அப்போதுதான் பெங்களூரில் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் மூன்று நாள் கோர்ஸ் முடித்து வந்து, தானே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி ப்ரோக்ராம், எழுதியிருந்தார். டிசைன் ஆபீஸ் அனுப்பும் ப்ரோக்ராம் ஃபைல் சர்வரில் விழுந்ததா என்று பார்த்து, விழுந்ததும் மெஷினுக்கு அனுப்பும். பதினொரு வரி. அதில் நான்கு வரி அவர் பெயர், படிப்பு, பதவி. இடைவெளியே விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததால் சர்வர் ஊர்ந்தது.

"பவர்ஃபுல் ப்ரோக்ராம்னா லோடு இருக்கத்தான்மா செய்யும்" என்பார்.

மெஷினுக்குப் போன நகலைத் திறந்தேன். ட்ரில் 125 மில்லிமீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும் என்ற வரி, 12 என்பதோடு அறுந்திருந்தது; ட்ரில் பன்னிரண்டிலேயே நின்றிருக்கிறது.

மெமோவை ஒதுக்கிவிட்டுச் சாரைக் கூப்பிட்டேன். அவர் பார்க்க ஒரு பெரிய ஃபைலைச் சர்வரில் காப்பி போட்டேன். கால்வாசி ஏறுவதற்குள் ஸ்கிரிப்ட் அதை அனுப்பத் தொடங்கியது.

"ஃபைல் இருக்குல்ல? அப்ப வந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"வந்துட்டிருக்கு சார். இன்னும் வந்து முடியல."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா."

"பண்ணல சார். நீங்க எழுதினதை அப்படியே செஞ்சிருக்கு."

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "சரி, என்ன எழுதணும்?"

ஃபைலின் அளவைப் பார், பத்து விநாடி தூங்கு, மறுபடி பார், அளவு மாறாமல் இருந்தால் மட்டும் அனுப்பு. ஒற்றை விரலால் அவரே அடித்தார். 'ஸ்லீப்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"டியூட்டி டயத்துல தூங்கச் சொல்றியா?"

"ப்ரோக்ராமைத்தான் சார்."

அது தூங்க ஆரம்பித்ததும் சர்வர் வேகம் பிடித்தது. மெமோவை என்ன செய்வது என்று கேட்டேன். "அதை விடும்மா" என்றார். அவர் கண்ணெதிரிலேயே கிழித்தேன்.

அடுத்த மீட்டிங்கில் 'வெர்ஷன் டூ' என்று அறிவித்துக் கைத்தட்டல் வாங்கினார். முறிந்த ட்ரில்லைப் பற்றிப் பேச்சே இல்லை.

அன்றிலிருந்து எந்த மெஷின் நின்றாலும், ஆளைக் கேட்பதற்கு முன் ஃபைலின் கடைசி வரியைப் பார்ப்பேன். சங்கதி தெரிந்த முனியப்பா கேட்டார்:

"அப்ப சாருக்கு மெமோ கிடையாதுங்களா மேடம்?"

"எழுதறவங்க தப்புப் பண்ணா வெர்ஷன் டூ. ஓட்டறவங்களுக்குத்தான் மெமோ."