மூன்றில் ஒன்றை அளந்தவர்

மோட்டார் ஸ்டார்ட்டர் செய்கிற தொழிலில், கரண்டைவிடப் படித்தவரிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும். மேலே இருப்பவர் சொல்வது தப்பென்று தெரிந்தும் தலையாட்டிய புண்ணியவான்களே, இது உங்களுக்குத்தான்.

சுருக்கிய கணக்கு

தெருவுக்குத் தெரு புதுக் கம்பெனி முளைத்த நேரம். கும்பகோணத்தில் நாங்கள் செய்தது எலக்ட்ரானிக் ஸ்டார்ட்டர். மோட்டாரை வெடுக்கென்று இழுக்காமல் மெள்ளக் கிளப்பும் பெட்டி. நான் டிப்ளமோ முடித்து வயரிங் பார்த்தவள். சென்னையிலிருந்து டிசைன் இன்ஜினியர் ஒருவர் வந்தார். போர்டு நிறைய எழுதித் தள்ளிவிட்டு, லைனில் மூன்று கம்பியில் வரும் மூன்று பேஸ் கரண்டும் சமம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றை அளந்தாலே போதும், பெட்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் பாதியாகச் சுருங்கிவிடும் என்றார். அடடா, என்ன மூளை! எங்கள் பக்கம் மூன்றும் சமமாக வந்த நாளை நான் பார்த்ததே இல்லை என்றேன். மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்க வயரிங்கை மட்டும் பாருங்கம்மா.”

மூன்று பல்பு

முதல் பெட்டி நன்னிலம் பக்கம் ராசாத்தி அக்காவுக்கு. வீட்டுக்காரர் மஸ்கட்டில். குறுவை நாற்றங்கால் முழுக்க அக்கா பொறுப்பு. ஆற்றில் தண்ணீர் வரவில்லை, போர்வெல் தண்ணீர்தான் கதி. மோட்டார் கொட்டகையில் பேஸுக்கு ஒன்றாக மூன்று பல்பு தொங்கின. அங்கே எல்லாரும் செய்வதுதான். ஒன்று மங்கினாலும் மோட்டாரைப் போட மாட்டார்கள். பெட்டியே எல்லாம் பார்த்துக்கொள்ளும், கழற்றுங்கள் என்றார் இன்ஜினியர். கழற்றியது யார்? நான்தான், வெட்கங்கெட்டவள். அக்காவுக்கு மனசே இல்லை.

“பல்பு சொல்றது எனக்குப் புரியும். இந்தப் பெட்டி யாருகிட்ட சொல்லும்?”

கருகிய வாடை

மூன்றாம் நாள் ஒரு பேஸில் கரண்ட் இறங்கிவிட்டது. பெட்டி அளந்தது வேறொரு பேஸை; அது ஜோராக இருந்ததால் பெட்டி மோட்டாரை நிறுத்தவே இல்லை. மோட்டாரின் காயில் கம்பி கருகிப் போச்சு. புதுக் கம்பி சுற்றி ரீவைண்டிங் முடிந்து வருவதற்குள் நாற்று பழுத்துக் காய்ந்தது. அந்த வரப்பிலேயே நின்றுகொண்டு இன்ஜினியர், மாடல் சரி, லைன்தான் தப்பு என்று விளக்கம் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன். அக்கா அவரைச் சட்டை பண்ணவே இல்லை, என்னைத்தான் கேட்டார்.

“அவருக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியும்ல?”

அந்தக் கணக்கைக் காட்டியே இன்ஜினியர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் அளக்காமல் விட்டுப்போன இரண்டு பேஸையும் ஒவ்வொரு பெட்டியிலும் சேர்க்க நான் இன்னும் ஊர் ஊராகக் கம்பி இழுத்துக்கொண்டிருக்கிறேன்.